மூடியை அழுத்திப் பார்க்கிறவர்

யாருடைய வீட்டுக்கு வந்தாலும், கதிரையில் உட்காரும் முன்னமே அவருடைய கண் குசினிப் பக்கம் போய்விடும். அடுப்படித் தட்டில் திறக்காத ஜாம் போத்தலோ ஊறுகாய்ப் போத்தலோ தெரிந்தால் போதும். "இருங்கோ அக்கா, வாறன்" என்று எழும்பிப் போய், மூடியின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்துவார். மூடி அசையாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து வந்த கதையைத் தொடங்குவார். அசைந்தால் வந்த கதை மறந்துபோகும்.

"இது சரிவராது அக்கா. கொட்டுங்கோ."

"ஐயோ, இது மகள் லண்டனில இருந்து அனுப்பினது."

"லண்டனில செய்தாலும் மூடி மூடிதான்."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை. பெரியவர்களுக்கு அவர் சோஸ்காரப் பிள்ளை. எனக்கு அன்ரி. திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால், அவருடைய வீட்டுக்கும் எங்களுடையதுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. இந்தப் பக்கம் அம்மா கருவாடு காயப்போடுவார். அந்தப் பக்கம் அன்ரி தக்காளி காய்ச்சுவார். இரண்டு மணமும் சுவரைத் தாண்டிப் போய் வரும். எங்கள் துணிகளில் புளித்த தக்காளி மணக்கும். அவருடைய துணிகளில் கருவாடு மணக்கும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள்.

அவர் செய்தது பேக்கரிப் பாணுக்குப் பூசுகிற சோஸ். அவரே அதற்குப் 'பாண் சோஸ்' என்று பெயர் வைத்திருந்தார். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து லொறியில் வரும் தக்காளியில் பழுத்தும் கனியாத பழங்களாகப் பொறுக்கி, கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, வெங்காயம், உள்ளி, கறிமிளகாய், இடித்த மிளகாய், கடுகு, சீனி, வினாகிரி எல்லாம் சேர்த்து, அகப்பையால் கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும்வரை காய்ச்சுவார். ஒரு பாண் துண்டில் இதைப் பூசி நடுவில் முட்டைப் பொரியல் வைத்துக் கொடுத்தால் இறங்குதுறைப் பக்கத்துக் கடையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டு வாங்குவார்கள். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களும் வாங்கினார்கள். போத்தல் பழையது, மூடி எப்போதும் புதியது. அது அவருடைய சட்டம். பழைய மூடியைத் துடைத்துப் போட்டால் என்ன என்று கேட்ட ஒரு விடுதிக்காரருக்கு அவர் அதன் பிறகு சோஸ் கொடுக்கவே இல்லை.

சுடச் சுட நிரப்பிய போத்தல்களை, அடியில் துணி விரித்த கிடாரத்தில் தண்ணீர் மூட வைத்து அவிப்பார். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி மேசையில் நிறுத்துவார். அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்கே தெரிந்த அந்த நேரம் வரும். போத்தல் ஆற ஆற மூடி உள்ளே இழுபடும். இழுபடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு மேசைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் அந்த வீட்டில் கதை இல்லை. எங்கள் வீட்டிலும் இருக்கக் கூடாது. ஒருமுறை அப்பா கடலால் வந்து அம்மாவோடு பெரிய சத்தமாகப் பிடுங்குப்பட்டபோது சுவருக்கு மேலே அன்ரியின் தலை தெரிந்தது.

"அக்கா, உங்கட சண்டையைக் கொஞ்சம் பொறுத்துப் பிடியுங்கோ. மூடி விழுகிற நேரம்."

இருவரும் பேசாமல் நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று கேட்டது. எல்லாம் விழுந்து முடிந்தபோது அவர்களுக்குச் சண்டையும் மறந்துவிட்டது.

சத்தம் கேட்காத போத்தல் விற்பனைக்குப் போகாது. சத்தம் கேட்டதையும் அவர் மறுநாள் அழுத்திப் பார்ப்பார். வாங்க வருகிறவரையும் அழுத்திப் பார்க்கச் சொல்வார். "நான் சொல்லுறன் எண்டு கொண்டு போகாதேங்கோ. நீங்கள் அழுத்திப் பாத்தனீங்களோ?" பிரதான வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் தட்டில் இருந்த எல்லாப் போத்தல்களையும் அவர் அழுத்திக்கொண்டு போக, முதலாளி, "அக்கா, வாங்கிறதெண்டா வாங்குங்கோ. நாடி பிடிச்சுப் பாக்காதேங்கோ" என்றாராம். அதை அவரே எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்து, "ஆனா ரெண்டு மூடி ஆடினது" என்றார்.

போத்தலோடு மட்டும் நின்றதில்லை இந்தக் குணம். யார் என்ன சொன்னாலும் அவர் தானே தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழக அனுமதி, கிடைத்த அன்று, எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், அம்மா அழுதுகொண்டு சுவரடிக்குப் போய்ச் செய்தி சொன்னார். அன்ரி சிரிக்கவில்லை. "தம்பி, போனைக் கொண்டு வாங்கோ" என்றார். போனில் தெரிந்த பரீட்சைச் சுட்டெண்ணை என்னுடைய பரீட்சை அனுமதி அட்டையோடு வைத்து, ஒவ்வொரு இலக்கமாக விரலை நகர்த்திப் பார்த்தார். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. கடைசி இலக்கத்தில் விரல் நின்ற பிறகுதான் அன்ரி என் தலையில் கை வைத்தார்.

ஏன் இப்படி என்று ஒழுங்கையில் பல கதைகள் இருந்தன. கேட்டால் அவர் காரணம் சொல்லமாட்டார். அவருடைய கணவர் கட்டார் நாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும்போது சொல்லுவார்: "என்னையும் அழுத்திப் பாத்துத்தான் கலியாணம் செய்தவ."

"அப்ப மூடி புதுசு" என்பார் அன்ரி.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அங்கிள் நல்ல மனிதர். வாய் ருசிக்காரர். கட்டாரில் முகாம் சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டு, இங்கே வந்தால், மாசி என்கிற காய்ந்த சூரைமீனை இடித்துப் போட்ட மாசிச் சம்பல் இல்லாமல் ஒரு நேரமும் பாண் தின்னமாட்டார். நான் எழுத வந்தது அவர் வந்து நின்ற ஒரு விடுமுறையைப் பற்றி.

சல்லி அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அன்ரி விரதம். விரதம் என்றால் அந்த வீட்டில் மீன் இல்லை, மாசி இல்லை. காய்ச்சுகிற சோஸைக்கூட அவர் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். ஆனால் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு சான்ட்விச் செய்யப் பெரிய அளவில் சோஸ் கேட்டிருந்தது. அவருக்கு அவ்வளவு பெரிய வேலை முதல்முறையாக வந்திருந்தது. காய்ச்சாமல் இருக்க ஏலாது. உப்பும் புளிப்பும் பார்க்கிற வேலையை அங்கிளிடம் கொடுத்தார். கடைசிக் கிடாரம் அடுப்பில் இருக்கும்போது, அதைக் கிண்டச் சொல்லிவிட்டுச் சல்லிக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் தானே நிரப்பினார், தானே அவித்தார், தானே உட்கார்ந்து கேட்டார். எல்லா மூடியும் விழுந்தது.

போட்டி நாள் காலை. அன்ரி முதல்நாளே போத்தல்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். மிஞ்சியதை வழமையான கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கொடுத்து, எங்களுக்கும் ஒன்று தந்திருந்தார். அம்மா அதைத் திறந்து பாணில் பூசி, தின்றுகொண்டே கருவாட்டைப் புரட்டச் சுவரடிக்குப் போனார். நான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை" என்று அம்மா சுவருக்கு மேலால் அன்ரியைக் கூப்பிட்டார். "இந்த முறை மாசி போட்டது கலாதி. இனி எப்பவும் இப்பிடியே செய்."

சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பம் நின்றது.

"என்ன மாசி?" என்றார் அன்ரி.

"மாசிதான். கடிபடுது பார். எனக்குத் தெரியாதோ மாசி?"

அன்ரி எங்கள் வாசலுக்கு வந்த வேகம் இப்போதும் நினைவிருக்கிறது. காலில் செருப்பில்லை. அம்மாவின் கையிலிருந்து பாணை வாங்கி மணந்து பார்த்தார். போத்தலுக்குள் கரண்டியை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பி அங்கிளைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அங்கிள் சிரித்துக்கொண்டுதான் வந்தார். "உமக்குத் தெரியாம இருக்கட்டும் எண்டு பாத்தன். கடைசிக் கிடாரத்துக்கு மட்டும் கொஞ்சம் வறுத்து இடிச்சுப் போட்டனான். விரதம் முடிய எங்களுக்கு ரெண்டு போத்தல் எடுத்து வைப்பம் எண்டு. பிறகு நீர் எல்லாத்தையும் ஒண்டா அடுக்கிப்போட்டீர்."

"எனக்கு மணந்தது" என்றார் அன்ரி மெதுவாக. "நிரப்பேக்க மணந்தது. இவையின்ர கருவாடு எண்டு நினைச்சிட்டன்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாசி போட்டா என்ன பிள்ளை? சீனிச் சம்பலுக்குப் போடுறேல்லையே?"

"சீனிச் சம்பல் அண்டைக்குச் செய்து அண்டைக்குத் தின்னிறது அக்கா. இது மூடி அடைச்சு எத்தினை நாள் இருந்தது." என்னிடம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு இங்கிலிஸ் தெரியும். போனில பாருங்கோ. தக்காளிச் சோஸுக்குள்ள மீன் போட்டுப் போத்தலில அடைச்சா என்ன எண்டு. உள்ளதை உள்ளபடி வாசியுங்கோ."

தேடினேன். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே விஷயம்தான் இருந்தது. தக்காளியும் வினாகிரியும் மட்டும் என்றால் அந்தப் புளிப்பே காவல். மீனோ இறைச்சியோ சேர்ந்தால் வெறும் கொதிநீரில் அவித்தது போதாது. காற்றுப் போகாத போத்தலுக்குள் ஒரு நஞ்சு உண்டாகலாம். மணம் காட்டாது, ருசி காட்டாது. கண்ணுக்கு இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க ஏலாமல் போகும், பிறகு மூச்சு. நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காணும் தம்பி, நிப்பாட்டும்" என்றார் அங்கிள். "வெள்ளைக்காரன் எல்லாத்துக்கும் பயப்பிடுவான். ரெண்டு கைப்பிடி மாசி."

"வாசியுங்கோ" என்றார் அன்ரி.

"வரும் எண்டு போடேல்லை அன்ரி. வரலாம் எண்டுதான் போட்டிருக்கு."

"மூடி?"

"எல்லா நேரமும் வீங்காது எண்டு போட்டிருக்கு."

அவர் ஒரு நிமிஷம் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பைக்கை எடுங்கோ" என்றார்.

மைதானத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. இல்லங்களுக்கு ஓலையால் பந்தல் கட்டியிருந்தார்கள். வகுப்பறை ஒன்றில் தாய்மார் வரிசையாக நின்று சான்ட்விச்சை முக்கோணமாக வெட்டி, ஈரத்துணியால் மூடிய தட்டங்களில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு ஒரு மனையியல் ரீச்சர். அன்ரி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். ரீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"நாங்கள் ஒவ்வொரு போத்தலும் அழுத்திப் பாத்துத்தான் திறந்தது. எல்லாம் டக் எண்டு நல்லாத் திறந்தது. நீங்கள்தானே அப்பிடிப் பாக்கச் சொன்னனீங்கள்?"

"ஓம், நான்தான் சொன்னனான். அது காணாது ரீச்சர். மூடி காத்தைத்தான் சொல்லும். உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு சொல்லாது."

"எந்தப் போத்தல் எண்டு சொல்லுங்கோ, அதை மட்டும் எடுப்பம்."

"தெரியாது. கலந்துபோச்சு."

பள்ளிக்கூட அதிபர் வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "சரி, எடுத்து வைப்பம். ஆனா நஞ்சு அது இதெண்டு கதைச்சா பெற்றார் பயந்திடுவினம். எறும்பு ஏறிப்போச்சு எண்டு சொல்லுவம்" என்றார்.

"எறும்பு எண்டா தட்டிப்போட்டுத் தின்னுவினம் சேர்" என்றார் அன்ரி. "என்ர சோஸில பிழை எண்டு சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லியே சொல்லுங்கோ."

அப்போதுதான் ஒரு தாய், "பாண்ட் வாத்தியம் வாசிக்கிற பிள்ளையளுக்கு ஒரு தட்டம் முதலே போயிட்டுது" என்றார்.

அன்ரி ஓடினார். நாற்பது வயதைத் தாண்டியவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டத்துக்குக் கோடு போட்ட மைதானத்துக்குக் குறுக்கே ஓடினார். ஒலிபெருக்கியில் ஒருவர் "மைதானத்துக்குள் நிற்பவர்கள் வெளியேறவும்" என்றார். மர நிழலில் பாண்ட் பிள்ளைகள் மேளங்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்ரி தட்டத்தைக் காலால் தள்ளினார். கைகளில் இருந்ததைப் பறித்தார். ஒரு சிறுமியின் கன்னம் உப்பியிருந்தது. அவர் அந்தப் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தார்.

"விழுங்கினனீங்களோ?"

பிள்ளை இல்லை என்று தலையாட்டியது.

"வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ. வடிவாத் தூக்குங்கோ."

யாரோ ஒரு தகப்பன் பின்னாலிருந்து அன்ரியின் தோளைப் பிடித்து இழுத்தார். "உமக்கென்ன விசரே?" அவர் திரும்பவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து பார்த்து முடித்தார். யாரும் விழுங்கவில்லை, தட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அதற்குள் அதிபர் ஒலிபெருக்கியில் அன்ரியின் பெயரைச் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் அவ்வளவு சத்தமாகச் சொல்லப்பட்டதை நான் அன்றுதான் கேட்டேன். பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் முழுவதும் அவரை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். இறங்குதுறைக் கடை, உப்புவெளி விடுதிகள், சில வீடுகள். போகிற இடமெல்லாம் ஒரே வாசகம்: "என்ர சோஸில பிழை. தாங்கோ." சிலர் சிரித்தார்கள். சிலர் தரமாட்டோம் என்று நின்றார்கள். தரும்வரை அவரும் நின்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அம்மா இருந்தார். பாதிப் பாண் தின்ற அம்மா.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, கண்ணிலோ தொண்டையிலோ ஏதும் வித்தியாசம் தெரிந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். அதிலிருந்து அன்ரி காலையும் மாலையும் வந்தார். அம்மாவை வெளிச்சத்தில் கதிரை போட்டு உட்கார வைத்து, இமைகளைப் பார்த்து, முன்னால் பெருவிரலை நிமிர்த்திப் பிடிப்பார்.

"எத்தினை தெரியுது அக்கா?"

அம்மாவுக்கு இடக்கண்ணில் ஏற்கெனவே வெள்ளை படர்ந்திருந்தது. "உன்ர விரல் எனக்கு எப்பவும் ஒண்டரைதான் பிள்ளை" என்பார். முதல்நாள் சொல்லிச் சிரித்தார். அடுத்தநாள் அதையே சிரிக்காமல் சொன்னார். பிறகு தனியே இருக்கும்போது தன் விரலைத் தானே பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். வாசித்தது நான். எனக்கு வாசிக்கத் தெரிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு பெருமை. அந்த நாட்களில் அம்மா தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அம்மா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "விழுங்க ஏலாமல் கிடக்கு."

அன்ரி ஓட்டோ பிடித்தார். வழியெல்லாம் அம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை. உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பெருவிரலால் தன் உள்ளங்கையைத் தானே அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துவதும் விடுவதும், அழுத்துவதும் விடுவதும். அங்கிள் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அன்ரி அதைப் பார்க்கவில்லை. அங்கிள் அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வைத்தியர் இளையவர். வெளியே வந்து முகத்தைத் திடமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "மீன் முள் கீறியிருக்கு. வேற ஒண்டும் இல்லை."

அங்கிள்தான் முதலில் சிரித்தார். எனக்கும் வந்தது. அன்ரி வைத்தியரிடம், "நீங்கள் பாத்தனீங்களோ? முள்ளை?" என்று கேட்டார். வைத்தியர் பஞ்சில் வைத்திருந்த முள்ளைக் காட்டினார். அவர் அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அழுதார்.

அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அதுவே அன்ரிக்குப் பிரச்சினையாகிவிட்டது. யாராவது படுத்திருந்தால் அவர் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். ஒருவரும் படுக்காததால், நல்ல சாப்பாட்டைக் கொட்டிப் பிள்ளைகளின் வாய்க்குள் கைவிட்ட விசரி. ஒழுங்கையில் பெடியள் சோடாப் போத்தல் மூடியை அழுத்திக் காட்டிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. விடுதிக்காரர்கள் கடைச் சோஸுக்கு மாறினார்கள்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கிள் சொன்னது கேட்டது. "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே."

"நடக்கக் கூடாதெண்டுதானே கொட்டினது."

"கொட்டாட்டி நடந்திருக்கும் எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

ஒரு போத்தலை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியாது" என்றார் அன்ரி.

திருப்பி வாங்கியதில் ஒரு போத்தலை மட்டும் அவர் கொட்டாமல் குசினி யன்னலில் வைத்திருந்தார். அதில் மாசி இருக்கிறதா இல்லையா என்பது திறந்தால்தான் தெரியும். திறந்தால் மூடி சொல்ல வேண்டியதைச் சொல்லாது. ஒவ்வொரு நாளும் அழுத்திப் பார்த்தார். மூடி எழும்பவே இல்லை. அதில் அவருக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் போத்தல் யன்னலில் இல்லை. பின்வளவில் மண் புதிதாகக் கிளறியிருந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி காய்ச்சத் தொடங்கினார். ஆனால் அடுப்பில் கிடாரம் இருக்கும்போது அவர் குசினியை விட்டு அசைவதில்லை. விரத நாட்களில் அடுப்பில் கிடாரம் ஏற்றுவதே இல்லை. அங்கிளைக் குசினிக்குள் விடுவதும் இல்லை. வாயால் வராதே என்று சொல்லவில்லை. அங்கிள் வாசற்படியில் கால் வைத்தால் அன்ரியின் கை கிண்டுவதை நிறுத்திவிடும். அவ்வளவுதான். அங்கிள் குசினி வாசலுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, பார்க்க வந்த ஆளைப்போல உட்கார்ந்திருப்பார்.

"உப்புப் பாக்கட்டே?"

"வேண்டாம். நான் பாக்கிறன்."

இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்தச் சண்டையையும்விட அந்த இரண்டு வரி எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது. மாசி போட்டது பிழைதான். ஆனால் அவர் போட்டது விரதம் முடிந்து மனைவியோடு உட்கார்ந்து தின்பதற்கு. அன்ரிக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அங்கிளின் விடுமுறை முடிந்தது. கொழும்பு பஸ் ஏற்றிவிட நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். காலை வெயில். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அங்கிள் ஏறி யன்னலோரம் உட்கார்ந்த பிறகு அன்ரி பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து உள்ளே நீட்டினார். துணியால் சுற்றிய பாண் சோஸ். அதோடு இன்னொரு சின்னப் பொட்டலம்.

"இதென்ன?"

"மாசி. வறுத்து இடிச்சது." அன்ரி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, பஸ்ஸின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தின்னேக்க பாணில மேல தூவுங்கோ. போத்தலுக்குள்ள போடாதேங்கோ."

அங்கிள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரத் தொடங்கியது. அன்ரி சட்டென்று திரும்பி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நகரும் யன்னலில் அங்கிள் துணியை விலக்கி, மூடியின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பிறகு போத்தலைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். அந்த ஹோர்ன் சத்தத்தில் என்ன கேட்டிருக்கும்? ஆனாலும் வளைவு வரும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

ஓடிப்போய் அன்ரியைப் பிடித்தேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"தம்பி, அவர் அழுத்திப் பாத்தவரோ?"

"ஓம் அன்ரி."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் திருப்பியும் கேட்கவில்லை.

"அப்ப சரி" என்றார்.